கை தளர்ந்துவிட்டதா, பொத்தான் இடம் மாறிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 37. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் எங்கள் தெருமுனையில் வீடியோ கேம் கடை ஒன்று இருந்தது. மணிக்கு இருபது ரூபாய். ‘ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் த பெய்ன்’ மல்யுத்த ஆட்டத்தில் அண்டர்டேக்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் என்னை எழுப்ப ஆள் கிடையாது. தோற்றவன்தான் காசு கொடுக்க வேண்டும் என்பதால் பல நாள் எனக்குச் செலவே இருந்ததில்லை.

இந்தக் கோடை விடுமுறைக்கு என் மகனுக்கு (வயது 11) பிளேஸ்டேஷன் 5 வாங்கினேன், கூடவே அதே மல்யுத்த வரிசையின் ‘டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே25’. பார்க்க டிவி ஒளிபரப்பு மாதிரியே இருக்கிறது. முதுகில் வியர்வை மினுங்குவதுகூடத் தெரிகிறது. ஆனால் எனக்கு விளையாட வரவில்லை. அவன் அடிக்க வரும்போது தடுக்க வேண்டிய நேரம் எனக்குத் தெரிகிறது, பொத்தானையும் அழுத்துகிறேன், ஆனாலும் அடி விழுந்துவிடுகிறது. நாற்பது ஆட்டம் ஆடியிருப்போம். மூன்றில்தான் ஜெயித்தேன். அந்த மூன்றையும் அவன் விட்டுக்கொடுத்தானோ என்று சந்தேகம்.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். என் அப்பாவுக்கு அறுபது வயதில் நடுக்குவாதம் வந்தது. முதலில் கைதான் மெதுவானது. இப்போது இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு நான் விரல்களை நீட்டி வைத்துக்கொண்டு நடுங்குகிறதா என்று பார்க்கிறேன். மனைவியிடம் சொல்லவில்லை. எனக்கும் ஆரம்பித்துவிட்டதா?

— ஆர்.கே., ஈரோடு

பதில்:

ஆர்.கே. அவர்களுக்கு,

சிரிக்கவில்லை. முதலில் அந்த இரவுச் சோதனையை நிறுத்துங்கள். நீட்டிய விரலை உற்றுப் பார்த்தால் எல்லோருடைய விரலும் கொஞ்சம் ஆடும், என்னுடையதும் ஆடுகிறது. நடுக்குவாதத்தின் (மூளையில் அசைவைச் சீர்செய்யும் உயிரணுக்கள் மெல்லக் குறைவதால் வரும் நோய்) நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் தெரியும். அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்கிற வகை நோயும் அல்ல அது. அந்த நோயில் மெதுவாகும் கை விளையாட்டில் மட்டும் மெதுவாகாது. சட்டைப் பொத்தான் போட நேரமாகும், கையெழுத்து பொடிப்பொடியாகும், நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டி வரும். நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவர் நீங்கள். போன வருஷத்துப் பேரேட்டையும் இந்த வருஷத்துப் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து அதே அளவில் இருந்தால் அதுவே ஒரு நல்ல செய்தி. மேலே சொன்னவற்றில் ஒன்று இருப்பதாகப் பட்டாலும் நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், மனம் அடங்குவதற்காக ஒருமுறை காட்டிக்கொள்வதில் தவறில்லை. மனைவியிடமும் சொல்லுங்கள்.

நான் மருத்துவன் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி விளையாட்டுகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: “நேரம் தெரிகிறது, அழுத்துகிறேன், ஆனாலும் விழுந்துவிடுகிறது” என்ற உங்கள் வாக்கியத்தை முப்பது வயது தாண்டியவர்கள் பலர் எனக்கு ஏறக்குறைய அதே சொற்களில் எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் கையில் நோய் இல்லை. அவர்கள் எல்லோரும் உங்களைப் போல நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். மகனின் ஜாமெட்ரி பாக்ஸைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றை எடுங்கள். அவன் அதை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழே பூஜ்ஜியத்துக்கு நேராக உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடாமல் காத்திருக்கட்டும். அவன் சொல்லாமல் விடவேண்டும், நீங்கள் பிடிக்கவேண்டும். இருபது சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் கை எடுத்துக்கொண்ட நேரம் 0.20 நொடி. இருபத்தைந்தில் பிடித்தால் சுமார் 0.23 நொடி. பத்து முறை செய்து சராசரி எடுங்கள். இருபதை ஒட்டி வந்தால் கவலையே வேண்டாம், இருபத்தைந்து வந்தாலும் சரிதான். பிறகு இடம் மாறி, மகனுக்கு நீங்கள் ஸ்கேலை விடுங்கள்.

அவன் உங்களைவிட மேலே, அதாவது தாமதமாகப் பிடித்தால் ஆச்சரியப்படாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் கை மின்னல் வேகம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இந்த எதிர்வினை வேகம் (கண் பார்த்ததற்கும் கை அசைந்ததற்கும் இடைப்பட்ட நேரம்) குழந்தைப் பருவம் முழுக்கச் சிறுகச் சிறுகக் கூர்மையாகி, இருபதுகளில்தான் உச்சம் தொடுகிறது. பிறகு வயதோடு குறைவது மிக மெதுவாகத்தான். 11 வயதுப் பையன் 37 வயதுக்காரரை வெறும் கைவேகத்தால் நாற்பதுக்கு முப்பத்தேழு என்று வெல்ல முடியாது. அப்படியானால் எதனால் வெல்கிறான்?

முதல் காரணம் உங்கள் ஆள்காட்டி விரலில் இருக்கிறது. அந்தக் கேம் கடையில் ரிவர்ஸல் (எதிராளியின் அடியையோ பிடியையோ அவன்மேலேயே திருப்பிவிடுவது) போட உங்கள் விரல்கள் எங்கே இருந்தன என்று கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். ஜாய்ஸ்டிக்கின் தோளில், எல்2, ஆர்2 பொத்தான்களில். ஆள்காட்டி விரல்கள் அங்கே சும்மா காத்துக்கொண்டிருக்கும், கட்டைவிரல் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே வராது. 2003-இல் வந்த அந்த ஆட்டத்தைச் செய்தது ஜப்பானின் யூக்ஸ் நிறுவனம். 2000-இல் தொடங்கி 2018-இல் வந்த 2கே19 வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த வரிசை அவர்கள் கையில்தான் இருந்தது. நடுவில் வெளியீட்டாளரான டி.எச்.கியூ. 2012 கடைசியில் திவாலாகி, உரிமை 2கே நிறுவனத்துக்குப் போனபோதும் செய்கிறவர்கள் மாறவில்லை. 2கே19 வரை ரிவர்ஸல் ஆர்2-விலேயே இருந்தது.

2019 அக்டோபரில் வந்த 2கே20-ஐ அமெரிக்காவின் விஷுவல் கான்செப்ட்ஸ் நிறுவனம் யூக்ஸ் இல்லாமல் தனியாகச் செய்தது. அதில்தான் ரிவர்ஸல் தோளிலிருந்து இறங்கி முக்கோணப் பொத்தானுக்கு வந்தது. (அந்த ஆட்டத்தின் கதை தனிக்கதை. முகங்கள் கோணின, தலைமுடி தனியாகப் பறந்தது. 2020 ஜனவரி 1 அன்று காலையில் பலருக்கு ஆட்டமே திறக்கவில்லை. கன்சோலின் கடிகாரத்தை 2019-க்குத் திருப்பி வைத்தால் திறந்தது. வருஷம் பிறந்ததைத் தாங்க முடியாத ஆட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.) அடுத்த ஆண்டுக்கான ஆட்டம் கைவிடப்பட்டது. அடித்தளத்தையே புதிதாகக் கட்டி, 2022 மார்ச்சில் 2கே22 வந்தது. லேசான அடிக்குச் சதுரம், பலமான அடிக்குப் பெருக்கல் குறி, பிடிக்க வட்டம், தடுக்கவும் திருப்பவும் முக்கோணம். இன்று நீங்கள் ஆடும் 2கே25-இன் பொத்தான் இலக்கணம் அங்கிருந்து வருவது.

இப்போது விரல்களைப் பாருங்கள். நான்கு வேலையையும் ஒரே கட்டைவிரல் செய்ய வேண்டியிருக்கிறது. சதுரத்தில் அடித்துக்கொண்டிருக்கும் கட்டைவிரல், எதிராளி திரும்புவதைப் பார்த்ததும் எழுந்து முக்கோணத்துக்குப் போகவேண்டும். உங்களுக்கோ அதற்கு முன்னால் இன்னொன்று நடக்கிறது. பழைய ஆள்காட்டி விரல் தன்னையறியாமல் ஆர்2-வை ஒருமுறை அமுக்கிவிடுகிறது. இன்று மாலை விளையாடும்போது திரையைப் பார்க்காமல் வலது ஆள்காட்டி விரலைப் பார்க்கச் சொல்லி மனைவியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அது துடிக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் கற்ற பாடத்தை அது இன்னும் மறக்கவில்லை. தசை நினைவு (பலமுறை செய்து பழகியதால் யோசிக்காமலே வரும் அசைவு) என்பது இதுதான். தளர்ந்த கை இப்படிச் செய்யாது. உங்கள் மகனுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவனுக்கு ரிவர்ஸல் என்றாலே முக்கோணம்தான்.

பிளேஸ்டேஷன் 5-இன் அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ பகுதிக்குப் போனால் பொத்தான்களை இடம் மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆர்2-வையும் முக்கோணத்தையும் மாற்றிப் போடலாம். நான் சிபாரிசு செய்யமாட்டேன். புது ஆட்டத்தில் ஃபினிஷர் (ஆட்டத்தை முடிக்கும் பெரிய பிடி) போட ஆர்2-வைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பொத்தானை அழுத்தவேண்டும். மாற்றினால் அது கட்டைவிரல்மேல் வந்து விழும், ஒரு சிக்கலுக்கு இரண்டு சிக்கல். அதற்குப் பதில் ஒரு வாரம் தினம் பத்து நிமிடம், கம்ப்யூட்டரை எதிராளியாக வைத்து, அடிக்கவே அடிக்காமல் முக்கோணத்தை மட்டும் அழுத்திப் பழகுங்கள். கட்டைவிரலை அங்கேயே ஓய்வாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெயிக்க வேண்டாம், உதை வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் சுவரில் தொங்குகிறது. கேம் கடையில் இருந்தது டப்பா டிவி. உள்ளே வந்த படத்தை அது யோசிக்காமல் அப்படியே கோடு கோடாகக் கண்ணாடியில் தீட்டிவிடும். இன்றைய எல்.இ.டி. டிவி அப்படியில்லை. வந்த படத்தை வாங்கி, புள்ளிகளைக் கூட்டி, நிறத்தை மெருகேற்றி, அசைவை வழுவழுப்பாக்கி, பிறகுதான் காட்டும். சினிமா பார்க்க அது நல்லது. விளையாட்டில் அதற்கு இன்புட் லேக் (பொத்தானை அழுத்தியதற்கும் அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடைப்பட்ட தாமதம்) என்று பெயர். கேம் மோட் (டிவியில் விளையாட்டுக்கென்று இருக்கும் பட அமைப்பு) போடாத டிவிகள் பலவற்றில் இது 100 மில்லிசெகண்டைத் தொடும், தாண்டவும் செய்யும். போட்டால் 10, 20-க்கு இறங்கும். நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படத்துக்கு 17 மில்லிசெகண்ட் என்று கணக்குப் போட்டால், ஆறு படம் பின்தங்கிய காட்சியைப் பார்த்துத்தான் நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள். கணக்கு எழுதுகிறவருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை: நேற்றைய இருப்பைப் பார்த்து இன்றைக்குச் சரக்கு கொடுப்பது போல.

“அதே டிவியில்தானே அவனும் ஆடுகிறான்?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அவனுடைய முதல் டிவியே அதுதான். இந்தத் தாமதத்தோடேயே பழகியதால், தெரியாமலே கொஞ்சம் முந்தி அழுத்துகிறான். நீங்கள் தாமதமில்லாத டப்பா டிவியில் பழகிய கணக்கை இங்கே கொண்டுவந்து போடுகிறீர்கள்.

ரிமோட்டில் பட அமைப்புக்குப் போய், சினிமா, ஸ்டாண்டர்ட் என்றெல்லாம் வரும் வரிசையில் ‘கேம்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கன்சோலின் வயர் எந்த எச்.டி.எம்.ஐ. துளையில் இருக்கிறதோ அதற்கு மட்டும் இது பொருந்தும் டிவிகளும் உண்டு, ஆகவே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுங்கள். நிறம் கொஞ்சம் வெளுத்துப்போகும். வியர்வையின் மினுமினுப்பில் சிறிது குறையலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், கைப்பேசியின் ஸ்லோமோஷனில் கட்டைவிரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்து, கேம் மோடுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். என் வீட்டு டிவியில் முதல்முறை இதைச் செய்து பார்த்தபோது, ஒரு வருஷமாக அந்தத் திரையில் ஆட்டங்களைக் குறைசொல்லி எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாவதாக, நீங்கள் எதைப் பார்த்து அழுத்துகிறீர்கள்? வீரரின் தலைக்கு மேல் பொத்தான் குறி மின்னும்போது என்றால், அது மின்னி, கண் கண்டு, கை போவதற்குள் 0.20 நொடி போய்விடும். மகன் குறியைப் பார்க்கமாட்டான், எதிராளியின் தோளைப் பார்ப்பான். ரோமன் ரெய்ன்ஸ் என்ற வீரர் ஸ்பியருக்கு (ஓடிவந்து தோளால் இடித்துச் சாய்ப்பது) குனிவதற்கு முன் உடம்பு என்ன செய்கிறது என்று அவனைக் கேட்டுப் பாருங்கள், நடித்தே காட்டுவான். பழைய ஆட்டத்தில் இதை நீங்களும் செய்தீர்கள்: ஒவ்வொரு வீரரின் அசைவும் உங்களுக்கு மனப்பாடம். அந்தப் பாடம் அழிந்துவிட்டது, புதுப்பாடம் இனிமேல்தான் படிக்கவேண்டும். நாற்பது ஆட்டம் அதற்குப் போதாது.

இத்தனையும் சரிசெய்தாலும் இந்த ஆட்டத்தில் ஒரு முரண் மிச்சம் இருக்கும். அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

அண்டர்டேக்கரின் ‘ஓல்டு ஸ்கூல்’ உங்களுக்கு நினைவிருக்கும். எதிராளியின் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆறடி பத்தங்குலம் என்று டிரம்ப் கார்டில் போட்டிருந்த அந்த உடம்பு மேல் கயிற்றில் ஏறி நடக்கும். பிறகு குதித்துத் தோளில் வெட்டும். அவர் நடக்கிற அத்தனை நேரமும் கீழே நிற்பவர் என்ன செய்கிறார்? கையை ஒரு இழு இழுத்தால் மேலே இருப்பவர் விழுந்துவிடுவார். இழுப்பதில்லை. உண்மையில் அந்தக் கைதான் கயிற்றின்மேல் இருப்பவருக்கு ஊன்றுகோல். அடி வாங்குகிறவர் பாதி வேலையைச் செய்வதுதான் இந்த மல்யுத்தம். முடிவு முன்பே தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாமல் இருவர் சேர்ந்து ஒரு சண்டையைக் கட்டுகிறார்கள். அதை வீடியோ கேமாக்கும்போது, ஒத்துழைப்பை எடுத்துவிட்டு இருவரையும் நிஜமாகவே மோத விடுகிறார்கள். உடனே யார் முந்தி முக்கோணத்தை அழுத்துவது என்ற கேள்வியாக எல்லாம் சுருங்கிவிடுகிறது. ஒரே நொடியில் மாற்றி மாற்றி ரிவர்ஸல் போட்டுக்கொள்ளும் இரண்டு பேர், அசல் வளையத்தில் நீங்கள் காணாத காட்சி.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஜப்பானில் ‘ஃபயர் புரோ ரெஸ்லிங்’ செய்தவர்கள். 1989-இல் தொடங்கிய வரிசை அது. அதில் ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தார் என்பதோடு, அந்த மோதல் எத்தனை சதவீதம் நன்றாக இருந்தது என்றும் மதிப்பெண் வரும். இரண்டு நிமிடத்தில் எதிராளியை அடித்துப் போட்டால் ஜெயிக்கலாம், மதிப்பெண் வராது. அடி வாங்கி, விழுந்து, கூட்டத்தைத் தவிக்கவிட்டு எழுந்தால் வரும். அண்டர்டேக்கர் மல்லாந்து கிடந்து சட்டென்று எழுந்து உட்காருவாரே, அது அப்படிப்பட்ட மதிப்பெண். உங்கள் 2கே25-இலும் இதற்கு இடம் இருக்கிறது. ‘மைஜிஎம்’ என்ற பகுதியில் நீங்கள் மேலாளர். யார் யாரோடு மோதவேண்டும் என்று முடிவு செய்து, ஒவ்வொரு மோதலுக்கும் நட்சத்திரம் வாங்கவேண்டும். மகனும் நீங்களும் ஆளுக்கொரு நிகழ்ச்சியை நடத்திப் போட்டி போடலாம். வாராவாரம் வரவு செலவு பார்க்கிற வேலை. அதில் உங்களை ஜெயிக்க அவனுக்கு நாளாகும் என்று நினைக்கிறேன்.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டத்துக்கு அமெரிக்க வயதுச் சான்று 13-க்கு மேல். உங்கள் மகனுக்கு 11. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதால் நான் பெரிதாகச் சொல்லமாட்டேன், ஆனால் தனியாக ஆடவிடாதீர்கள். மெத்தைமேல் யாரையாவது தூக்கிப் போட்டுப் பார்க்கிறானா என்று ஒரு கண் இருக்கட்டும். வளையத்தில் விழுகிறவர்கள் தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகு முழுக்கத் தட்டையாகத் தரையில் படும்படி விழ வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். பள்ளித் தோழனுக்கு அது தெரியாது. ‘ஓல்டு ஸ்கூல்’ கதையை அவனுக்கு நீங்களே சொல்லுங்கள். கீழே நிற்பவர் ஏன் கையை இழுப்பதில்லை என்று கேளுங்கள். பதில் அவனுக்குப் புரிந்துவிட்டால், யாரையாவது தூக்கிப் போடுவானோ என்ற உங்கள் பயம் பாதி குறையும்.

தொடர்ந்து விளையாடிக் கட்டைவிரல் அடியில் வலித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, அரை மணிக்கொருமுறை ஜாய்ஸ்டிக்கைக் கீழே வையுங்கள். பின்ஃபாலிலிருந்து (தோள்கள் தரையில் அழுந்த மூன்று எண்ணுவது) தப்பப் பொத்தானைப் படபடவென்று குத்தவேண்டியதில்லை, ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் குச்சியைச் சரியான நேரத்தில் தட்டும் முறைக்கு அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வயதுக்கும் என் வயதுக்கும் அதுவே தோது.

ஸ்கேல் சோதனையில் உங்களுக்கு வந்த எண்ணையும் மகனுக்கு வந்த எண்ணையும் எனக்கு எழுதுங்கள். டிவியைக் கேம் மோடுக்கு மாற்றுவதை மட்டும் அவன் பள்ளிக்குப் போயிருக்கும்போது செய்யுங்கள். முதல் இரண்டு நாள் அவனுக்குத்தான் எல்லா அடியும் தவறும்.